நாலு நட்சத்திரம்: கோத்தகிரியில் கதவு போட்ட ஒரு ஜெராக்ஸ் கடை

கடைக்கு நாலு நட்சத்திரம். ஐந்தாவதைக் கொடுக்காததற்குக் காரணம் மழை, அதைக் கடைசியில் சொல்கிறேன். கடைக்காரர் எனக்கு உறவும் இல்லை, தெரிந்தவர் வீட்டுப் பையனும் இல்லை. அவர் கடையில் ஒரே ஒரு தடவை காசு கொடுக்காமல் ஒரு டீயும் ஒரு வர்க்கியும் சாப்பிட்டிருக்கிறேன், அது எந்தத் தேதி என்று என் நோட்டில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையைப் பற்றி எழுத இவ்வளவு வாக்குமூலமா என்று தோன்றும். நான் அங்கே உட்கார்ந்து பார்த்த வேலை அப்படிப்பட்டது.

தணிக்கைத் துறையில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கோத்தகிரிக்கு வந்தவன் நான். வந்த பிறகு அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தின் நெறிமுறைக் கண்காணிப்புக் குழுவில் என்னை வெளி உறுப்பினராகப் போட்டார்கள். எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன், வழக்கு எதையும் சொல்லமாட்டேன். ஐந்து பேர் குழு, மூன்று பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும், அதுதான் கோரம். அதிகாரி ஒருவர் தன் மைத்துனரின் கம்பெனிக்கே ஆர்டர் கொடுத்தாரா, யாரிடம் என்ன அன்பளிப்பு வாங்கினார், சொத்து விவரத்தை ஒழுங்காகக் காட்டினாரா, புகார் சொன்னவரைத் தூக்கி வேறு ஊருக்குப் போட்டார்களா, இவைதான் எங்கள் முன் வரும். 2020க்கு முன்னால் இதற்காக நான் காலையிலேயே பை கட்டி, குஞ்சப்பனை வழியாக 33 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மேட்டுப்பாளையம் இறங்கி, ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, மறுநாள் சென்னையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அன்று ராத்திரியே திரும்புவேன். மூன்று மணி நேர வேலைக்கு இரண்டு ராத்திரி ரயில்.

2020 மார்ச் 24 மாலை கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ரயில் இல்லை, பஸ் இல்லை, எங்கள் மலை ரயிலின் வழக்கமான சேவைகூட டிசம்பர் 31 வரை இல்லை. குழுவை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. ஊரே நோயில் கிடக்கும்போது அன்பளிப்புப் பதிவேடு ஒரு கேடா என்று உறுப்பினர் ஒருவரே கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஏப்ரலில்தான் ரேபிட் டெஸ்ட் கிட் விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இறக்குமதி செய்தவருக்கும் விற்றவருக்கும் பணத் தகராறு வந்ததால்தான், 245 ரூபாய்க்கு வந்து இறங்கிய கிட் அரசுக்கு 600 ரூபாய்க்குப் போகிறது என்பதே வெளியே தெரிந்தது. 400க்கு மேல் விற்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அவர்களுக்குள் சண்டை வராமல் இருந்திருந்தால்? நம் மாநிலத்து 1998ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமே பேரிடர் காலக் கொள்முதலுக்கு விலக்கு தருகிறது, தரத்தான் வேண்டும், ஆக்ஸிஜன் வாங்க யாரும் 30 நாள் டெண்டர் விட முடியாது. அப்படி அவசரமாகக் கையெழுத்துப் போடுகிற மாதங்களில்தான் யாருடைய மைத்துனர் யார் என்று பார்க்க ஆள் வேண்டும். சரி, நடத்துவோம், வீடியோவில் நடத்துவோம் என்று முடிவானது.

முதல் இரண்டு கூட்டம் என் வீட்டிலிருந்து. பழைய பங்களாவை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடு, நடுவில் பலகைத் தடுப்பு. கூட்டத்துக்கு மறுநாள் காலை பால் வாங்கும்போது பக்கத்து வீட்டு அம்மா, "என்ன சார், நேத்து யாரையோ கிழிகிழின்னு கிழிச்சீங்களே, யாரு அது, பெரிய ஆளா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனக்குத்தான் கை நடுங்கியது. அவர் கேட்டது புகாருக்கு உள்ளானவரைப் பற்றி. புகார் கொடுத்தவரின் பெயரும் அதே பலகை வழியாகத்தானே போயிருக்கும்? புகார் சொல்பவரைக் காப்பதற்கென்று 2014இல் ஒரு சட்டம் வந்தது, நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஒப்புதலும் கிடைத்தது, ஆனால் அதை அமலுக்குக் கொண்டுவரவே இல்லை. அதனால் அவருடைய பாதுகாப்பு எங்கள் வாயிலும் என் வீட்டுப் பலகையிலும்தான் இருந்தது. இயர்போன் போட்டால் மற்றவர் பேசுவது வெளியே கேட்காது, ஆனால் நான் பேசுவது கேட்குமே. குளியலறையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன், அங்கே வைஃபை வரவில்லை.

அப்படித்தான் இந்தக் கடைக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து டானிங்டன் பக்கம் நடக்கும் தூரம். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லையாம். முன்னால் இரண்டு ஜெராக்ஸ் மிஷின், ஒரு லேமினேஷன் மிஷின், மூன்று கம்ப்யூட்டர், பட்டா சிட்டாவும் ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஜனம். பின்னால் ஆறடிக்கு எட்டடி ஒரு அறை, பேப்பர் கட்டுகள் அடுக்கி வைத்திருந்தார். மூன்று பக்கம் கருங்கல் சுவர், நாலாவது பக்கம் கடையைப் பார்த்த செங்கல் சுவர், அதில் தேக்குக் கதவு. 2020 ஜூனில் நான் அந்தக் கதவைச் சாத்தி உள்ளே நின்று "தம்பி, நான் பேசறது கேக்குதா?" என்றேன். பதில் இல்லை. கத்தினேன். பதில் இல்லை. அன்றே பேசி முடித்தேன், மணிக்கு 60 ரூபாய். இப்போது 80.

இனி விமர்சனம். முதலில் கடையின் பங்கு இல்லாத ஒன்று, வீடியோ சேவை. ஆரம்பத்தில் எல்லோரையும் போல ஜூம். 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு ஒரு கோடிப் பேர் கலந்துகொண்ட இடத்தில் 2020 மார்ச்சில் 20 கோடிப் பேர் வந்து விழுந்தார்கள், அந்தக் கூட்டத்தில் நாங்கள் ஐந்து பேர். இலவசக் கணக்கில் 40 நிமிஷம்தான், தலைவருக்கு அது பிடித்திருந்தது, ஓய்வு பெற்ற நீதிபதி, வக்கீல்களுக்கு இப்படி ஒரு மணியடிக்கும் வசதி முப்பது வருஷமாக இல்லாமல் போனதே என்றார். பிறகு ஏப்ரல் 16 அன்று உள்துறை அமைச்சகம் ஜூம் பாதுகாப்பான தளம் இல்லை, அரசு அலுவல் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தல் வெளியிட்டது. ஜூம் நிறுவனத்தார் முழுப் பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு சாவியைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள் என்பதை அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நவம்பரில்தான் சொன்னது. நாங்கள் அதற்கு முன்பே வேறொரு சேவைக்கு மாறிவிட்டோம். அதன் பெயர் வேண்டாம், அதைத் திட்டத்தான் போகிறேன்.

எங்கள் வேலையில் ஒரு சடங்கு உண்டு. வழக்கில் வருபவர் உறுப்பினர் யாருக்காவது தெரிந்தவர், பழைய சக ஊழியர், சம்பந்தி வழி என்றால் அந்த உறுப்பினர் "நான் விலகிக்கொள்கிறேன்" என்று சொல்லி எழுந்து போக வேண்டும். சென்னையில் நடக்கும்போது அவர் டீ கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவார், கதவு சாத்தும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். திரையில் விலகுவது எப்படி? கேமராவை அணைத்தால் விலகியதாகுமா? ஒரு நாள் ஒருவர் அப்படித்தான் அணைத்தார். அந்தச் சேவையில் காத்திருப்பு அறை என்று ஒன்று இருந்தது, அவரை அதில் தள்ளிவிட்டதாகச் செயலாளர் நினைத்தார். தள்ளப்படவில்லை. கேமரா அணைந்தவர்கள் பெயர் திரையின் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும், நாங்கள் முதல் பக்கத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். பதினொரு நிமிஷம் கழித்து யாரோ இருமினார்கள். நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், இருமியது நாங்கள் யாரும் இல்லை. அவர் மீது தப்பு இல்லை, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வேறு கோப்பு படித்துக்கொண்டிருந்தேன், எதையும் கவனிக்கவில்லை என்றார், நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்பினால் போதுமா? அந்த வழக்கில் அன்று பதிவானதை முழுக்க ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து கேட்டோம், சாட்சியை மறுபடி அழைத்தோம், அவர் முதல் தடவை சொன்னதில் பாதியைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு விலகுபவர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சாதாரண போனில் செயலாளரைக் கூப்பிட்டு "நான் வெளியே இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், அந்த நேரத்தைக் குறிப்பில் எழுத வேண்டும் என்று விதி போட்டோம்.

இன்னொன்று கோரம். ஆகஸ்ட்டில் காற்றும் மழையும் அடித்து மரங்கள் சாய்ந்தபோது என் இணைப்பு போனது, அதே நேரம் மதுரை உறுப்பினருக்குக் கரண்ட் போனது, ஒருவர் அன்று வரவில்லை. மிச்சம் இரண்டு பேர். எங்கள் முகம் திரையில் உறைந்து அப்படியே நின்றிருக்கிறது, தலைவர் என் உறைந்த முகத்தைப் பார்த்து, "தணிக்கை நண்பருக்கு ஆட்சேபம் இல்லை போல" என்று சொல்லித் தீர்மானத்தை முடித்துவிட்டார். நான் அப்போது கடை வாசலில் குடை பிடித்துக்கொண்டு சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். அன்று முதல் நிகழ்ச்சி நிரலின் ஒவ்வொரு விஷயத்துக்கு முன்னும் பின்னும் வாய்விட்டு ஆஜர் எடுத்தோம், பள்ளிக்கூடம் மாதிரி. கடைக்காரரும் அன்று முதல் ஃபைபர் லைனோடு ஒரு டாங்கிளையும் வாங்கி வைத்தார், இன்வெர்ட்டரில் ரவுட்டருக்கு மட்டும் தனி பிளக் போட்டார். நான் கேட்கவே இல்லை. இதற்காகவே ஒரு நட்சத்திரம்.

அவருக்கு நான் இரண்டாவது நட்சத்திரம் கொடுப்பது ஸ்கேனுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளைப் பற்றி யாரும் இதை எழுதுவதில்லை. நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய ஆதார், அடுத்தவர் அனுப்பிய பான் கார்டு, இன்னொருவரின் விவாகரத்துப் பத்திரம், எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஃபோல்டரில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். அடுத்து வரும் யாரும் தெரியாமல் திறக்கலாம். இந்தக் கடையிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. எனக்குத் தபாலில் வரும் சீல் வைத்த கவரை அங்கேயே பிரித்து, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். முதல் நாள் அவர் வழக்கம் போல, "வாட்ஸப்ல போட்டுடவா ஆடிட் சார்?" என்றார். வேண்டாம் தம்பி என்று விஷயத்தைச் சொன்னேன், பெயர் எதுவும் இல்லாமல், இதில் உள்ள ஒரு பெயர் வெளியே போனால் ஒருவருக்கு வேலை போகும் என்று மட்டும்.

அடுத்த வாரம் போனால் பின் அறையில் பழைய ஸ்கேனர் ஒன்று தனியாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் எனக்கென்று தனிக் கணக்கு, கடவுச்சொல்லை என்னையே போடச் சொல்லித் திரும்பி நின்றுகொண்டார். தாளை நானே கவிழ்த்து வைத்து நானே பட்டனை அழுத்த வேண்டும். பென்டிரைவில் ஏற்றிய பிறகு அவரைக் கூப்பிட்டால் வந்து ஃபோல்டரைத் திறந்து காலி என்று காட்டுவார், குப்பைத் தொட்டியையும் காலி செய்து காட்டுவார். கிழிந்த பிரிண்ட், கோணலாக வந்த பிரிண்ட் எல்லாவற்றையும் என் பையிலேயே போட்டுவிடுவார். இதையெல்லாம் ஒரு அலுவலகத்தில் செய்ய வைக்க எனக்கு மூன்று சுற்றறிக்கை தேவைப்பட்டிருக்கும். பக்கத்துக்கு அஞ்சு ரூபாய், மற்றவர்களுக்கும் அதே அஞ்சு ரூபாய்தான், கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சாட்சி விஷயத்திலும் கடைக்காரர்தான் கை கொடுத்தார். வீடியோவில் சாட்சி கேட்கும்போது பெரிய தலைவலி, அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. ஒரு சாட்சி ஒவ்வொரு கேள்விக்கும் இடது பக்கம் கண்ணை ஓட்டிவிட்டுப் பதில் சொன்னார். "அங்கே யார்?" என்று தலைவர் கேட்டார். "வீட்டுக்காரிங்க, கபசுரக் குடிநீர் கொண்டாந்து நிக்கறா" என்றார். கேமராவைத் திருப்பச் சொன்னோம். உண்மையாகவே அந்த அம்மா டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார், பாவம், ஆறிப்போயிருக்கும். இன்னொருவரின் இடது பக்கம் டம்ளர் இல்லை, வக்கீல் இருந்தார். உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 6 அன்று நீதிமன்றங்கள் வீடியோவில் நடக்க வழி செய்து உத்தரவு போட்டது, அதன் பிறகு உயர் நீதிமன்றங்களுக்கு வந்த காணொலி விதிகளில் சாட்சி இருக்கும் இடத்தில் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று உண்டு. அப்படி நிறுத்த எங்களுக்கு அதிகாரி கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. எனவே நீலகிரிக்காரர் யாராவது சாட்சி சொல்ல வேண்டியிருந்தால் இந்தக் கடைக்கு வரச் சொல்லி எழுதினோம். அன்றைக்கு நான் மட்டும் அந்தப் பக்கமே போகமாட்டேன், வீட்டில் பலகைக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு கேட்பது மட்டும்தான், கேள்வியை மற்றவர்கள் கேட்பார்கள். கடைக்காரர் லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும் காட்டுவார். முருகன் காலண்டர், பேப்பர் கட்டு, கடிகாரம், கதவு. பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தி அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்காருவார். ஒரு சாட்சியோடு வந்தவர் உள்ளே போகப் பார்த்தபோது, "உள்ள ஒரு ஆளுக்குத்தான் இடம், எழுந்து நின்னா தலை இடிக்கும்" என்று சொல்லி நிறுத்தினாராம். அந்த அறையில் தலை இடிக்காது.

வாட்ஸப் செய்திகளை ஆதாரமாகக் காட்ட போனைக் கேமராவுக்கு முன் நீட்டுவார்கள், வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளைக் கட்டம் தெரியும். அதையும் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கித் தபாலில் அனுப்ப வைத்தோம். தபால்காரர்கள் ஊரடங்கிலும் வந்தார்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கையெழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. கூட்டக் குறிப்பில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட அது ஐந்து ஊருக்குத் தபாலில் சுற்றி வர வேண்டும், மூன்றாவது ஊரில் எங்காவது மாட்டிக்கொள்ளும். ஆதார் வைத்து மின் கையொப்பம் போடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஓ.டி.பி. போனுக்கு வர வேண்டும், மூன்று பக்கம் கருங்கல் சுவர் உள்ள அறைக்குள் ஓ.டி.பி. வராது. நான் போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவேன், எண் வரும், அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வருவேன், காலாவதியாகியிருக்கும். மூன்று தடவை. நாலாவது தடவை கடைக்காரரின் தங்கை, நான் ரோட்டில் போனோடு நின்று எண்ணை அங்கிருந்து கத்தட்டுமா என்று கேட்டது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது அம்மா என்றேன். கடைசியில் லேப்டாப்பையே ரோட்டோரத் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு வந்து கையொப்பம் போட்டேன்.

அந்த டீயையும் வர்க்கியையும் சொல்லிவிடுகிறேன். அது 2020 தீபாவளிக்கு முந்தின கூட்டம். அன்றைய பேச்சே அன்பளிப்புதான். அலுவலகம் திறந்திருந்தால் இனிப்புப் பெட்டி வரவேற்பு மேஜைக்கு வரும், அங்கே நாலு கண் பார்க்கும், பதிவேட்டில் ஏறும் அல்லது ஏறவில்லை என்பதாவது தெரியும். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்த வருஷத்தில் பெட்டி நேராக வீட்டு வாசலுக்குப் போனது, கொண்டு வந்தது ஏதோ ஒரு டெலிவரிப் பையன், அனுப்பியவர் பெயர் ஒரு மொபைல் ஆப்பில். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இல் வந்தவை, அவற்றை எழுதியவர்களுக்கு அன்பளிப்பு என்றால் ஒரு ஆள் கையில் தூக்கிக்கொண்டு வருவது. இதை எப்படிப் பதிவு செய்ய வைப்பது என்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் தட்டோடு கடைக்காரர். "தீபாவளி சார், இன்னிக்கு காசு வேணாம்." வாடகை வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ளவில்லை, ரசீது போடச் சொல்லி 120 ரூபாய் கொடுத்தேன், முகம் வாடிவிட்டது. டீயையும் வர்க்கியையும் மறுக்க முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு என் ஆண்டு விவரப் படிவத்தில், "ஒரு டீ, ஒரு வர்க்கி, மதிப்பு சுமார் 15 ரூபாய்" என்று எழுதினேன். செயலாளர் போன் செய்து இது கிண்டலா என்று கேட்டார்.

இடைஞ்சல்களும் உண்டு. மாலை ஐந்துக்கு மேல் கூட்டம் வைக்காதீர்கள். கடை எட்டு மணி வரை திறந்திருக்கும், ஆனால் நான் போகும் வழி தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், இருட்டினால் கரடி இறங்கும். இதைத் தலைவரிடம் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை, ஒத்திவைப்புக்கு வக்கீல்கள் சொல்லும் காரணங்களில் இது புதிது என்றார். அப்புறம் யாரோ கோத்தகிரிக் கரடி வீடியோ ஒன்றை அவருக்கு அனுப்ப, அதற்குப் பிறகு நாலரை மணிக்கே, "கரடி நேரம் ஆகிவிட்டது" என்று முடித்துவிடுவார். 2021 மே மாதம் இரண்டாம் அலை ஊரடங்கில் கடை மூடியது, ஜூனிலும் நீலகிரி தளர்வு குறைந்த மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது, அந்த ஒரு மாதத்துக்கு மேல் ஒரு கூட்டமும் நடத்த முடியவில்லை. காலக்கெடு போய்விடுமே என்று ஒருவர் பதறினார். 2020 மார்ச் 15 முதல் வழக்குக் காலக்கெடுக்கள் ஓடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததை (அது 2022 பிப்ரவரி 28 வரை நீண்டது) எதிர்த்தரப்பு எல்லாவற்றுக்கும் சாக்காகப் பிடித்துக்கொண்டது. எங்கள் விசாரணைக்கு அது பொருந்துமா என்று வாதாடியே ஒரு கூட்டம் போனது.

வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மலைக்காரர்களுக்கு இது பெரிய வசதி. சென்னைக்கு வந்து சாட்சி சொல்லுங்கள் என்றால் கூடலூர் பக்கத்திலிருந்து ஒருவரும் வந்ததில்லை, ஒரு நாள் கூலியும் போகும், பஸ் காசும் போகும். இந்தக் கடைக்கு வந்தார்கள். செப்டம்பர் 2020இல் மாநிலத்துக்குள் எங்கும் இ-பாஸ் தேவையில்லை என்று ஆன பிறகும் நீலகிரிக்கு வர இ-பாஸ் கேட்டார்கள், அந்த நிலையில் வெளியூரிலிருந்து விசாரணைக்கு ஒருவரை இங்கே வரவழைப்பது நடக்காத காரியம். ஆனால் வேடிக்கை பார்க்க ஆள் இல்லாமல் போனது எனக்குக் குறை. கலிஃபோர்னியாவில் ஆளுநர் 2020 மார்ச்சிலேயே பொது அமைப்புகள் தொலைவிலிருந்து கூடலாம் என்று உத்தரவிட்டபோது, பொதுமக்கள் போனிலோ திரையிலோ கேட்கவும் பேசவும் வழி வைக்க வேண்டும் என்று சேர்த்தே போட்டார். எங்களுடையது மூடிய விசாரணை, சரி. விதிகளைப் பற்றிப் பேசும் பொதுக் கூட்டங்கள் மூடியவை அல்ல, முன்பு அவற்றுக்கு நாலு ஊழியர் சங்கக்காரர்கள் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து முறைப்பார்கள். அந்த முறைப்புக்காகவே நாங்கள் ஒழுங்காகப் பேசுவோம். இணைப்பு முகவரியை அவர்களுக்கும் அனுப்புங்கள் என்று இரண்டு தடவை எழுதினேன், பதில் வரவில்லை. அதற்கும் இந்தக் கடைக்கும் சம்பந்தமில்லை.

இப்போது மழை. பின் அறைக்கு மேலே தகரக் கூரை. சுவர் கருங்கல், கதவு தேக்கு, கூரை தகரம். ஐப்பசி மழை கோத்தகிரியில் மதியம் மூன்று மணிக்குப் பிடித்தால் அந்த அறைக்குள் பறை அடிப்பது போல இருக்கும். நான் பேசுவது யாருக்கும் கேட்காது, மியூட்டை எடுத்தாலே எல்லோரும் காதைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் முக்கியமான தீர்மானம், எனக்கு உடன்பாடு இல்லை, மழையோ கொட்டுகிறது. ஒரு கலர் சார்ட்டையும் மார்க்கரையும் வாங்கி "ஆட்சேபம்" என்று பெரிதாக எழுதிக் கேமரா முன் பிடித்தேன். என் திரையில் எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது, ஐயோ இவர்களுக்கும் இப்படித்தான் தெரியுமோ என்று அட்டையைத் திருப்பி, தலைகீழாக்கி, மறுபடி திருப்பி. அவர்களுக்கு முதலிலிருந்தே சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. நான் ஏன் அட்டையை வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறேன் என்று ஐந்து நிமிஷம் பார்த்திருக்கிறார்கள். குறிப்பில் என் ஆட்சேபம் பதிவானது, "எழுத்து மூலம்" என்று.

என் பதவிக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் பென்ஷன் வாழ்நாள் சான்று, அது இது என்று கடைக்குப் போகிறேன். 2024 மே முதல் சுற்றுலாக்காரர்களுக்கு மறுபடி இ-பாஸ் வந்த பிறகு, வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குப் பதிவு செய்து தரச் சொல்லி முன்னால் ஒரு கூட்டம். போவதானால் காலை பதினொன்றுக்கு முன்பு போங்கள், சந்தை நாளில் போகாதீர்கள். பின் அறையை இப்போது வேலைக்கான ஆன்லைன் நேர்காணலுக்குப் பிள்ளைகள் எடுக்கிறார்கள், முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். போன வாரம் போனபோது கடைக்காரர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் மேலே பாருங்கள் என்றார். கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டி, அதன் கீழே பிளைவுட் அடித்திருக்கிறார். "இப்ப அஞ்சு போடுவீங்களா ஆடிட் சார்?" என்றார். அன்று வெயில். மழை வரட்டும் தம்பி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.